கவசக் கணக்கும் ஆறிப்போன ரசமும்

ஏற்காட்டில், லூப் ரோட்டை ஒட்டிய நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்து வீட்டில், மே மாதத்து மழை மாலையொன்றில், பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை சொல்லி ஆடும் மேசை விளையாட்டில், எங்கள் கதாபாத்திரங்கள் நால்வரும் ஆறு கொள்ளையர்களுடன் மோதத் தொடங்கியபோது மணி ஆறரை. எட்டு மணிக்குச் சமையல்கார அம்மா வந்து சாப்பாடு தயார் என்றார். ஒன்பது மணிக்கு மறுபடியும் வந்து, ரசம் ஆறிவிட்டது, இனிச் சூடு பண்ண மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசிக் கொள்ளையன் தரையில் விழுந்தபோது மணி பத்தேகால் ஆகியிருந்தது. கதைக்குள் அந்தச் சண்டை நடந்தது ஐந்தே சுற்றுகள். சுற்றுக்கு ஆறு விநாடி என்ற எங்கள் கணக்கின்படி மொத்தம் அரை நிமிடம். பதினைந்து வயதான என் அக்கா மகன் இடையில் சோபாவிலேயே தூங்கிவிட்டான். அவனுடைய முறை வந்ததும் தட்டி எழுப்பினோம். கண்ணைக் கசக்கிக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "மாமா, நான் இன்னும் உயிரோட இருக்கேனா?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல எனக்கு இரண்டு தாள்களைப் புரட்ட வேண்டியிருந்தது. ஜி.எம். ஆக, அதாவது கதையை நடத்துபவனாக, அன்று நான் பட்ட வெட்கம்தான் இதை எழுதத் தூண்டியது. தவறு வேறு யாருடையதும் இல்லை. அந்தக் கவச விதிகளை மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியவன் நானே.

நாங்கள் சேலத்தில் அஸ்தம்பட்டியில் என் வீட்டு மாடியில் கூடி ஆடுகிறவர்கள். ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். இன்னொருவர் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஆசிரியை. தோட்டத்து நண்பரும் அக்கா மகனும் மற்ற இருவர். தொடக்கத்தில் நாங்கள் ஆடியது இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு. அதில் கவசம் என்பது ஒற்றை எண்: ஆர்மர் கிளாஸ், சுருக்கமாக ஏசி. (சேலத்து வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு "உன் ஏசி எவ்வளவு?" என்று கேட்பதில் உள்ள வேடிக்கை எங்களுக்கு இன்னும் அலுக்கவில்லை.) அடிப்பவர் இருபது முகப் பகடையை உருட்டித் தன் திறன் எண்ணைக் கூட்டுகிறார், கூட்டுத்தொகை எதிரியின் ஏசியைத் தொட்டாலோ தாண்டினாலோ அடி பட்டது, இல்லாவிட்டால் படவில்லை. சங்கிலிக் கவசத்துக்கு 16, முழுத் தகட்டுக் கவசத்துக்கு 18, கேடயம் பிடித்தால் மேலும் 2. இந்த எண்கள் அனைத்தும் ஆட்டம் தொடங்கும் முன்பே தாளில் எழுதப்பட்டுவிடும்.

இந்த முறையின் மேல் முதலில் குறை சொன்னவர் பட்டறைக்காரர்தான். "கவசம் போட்டவனை அடிப்பது எப்படிக் கஷ்டமாகும்? அவன் மெதுவாகத்தானே நகர்வான்? அடி படும், உள்ளே இறங்காது. இரண்டும் ஒன்றா?" என்றார். உலோகத்தோடு முப்பது வருடம் பழகியவர் கேட்கும்போது பதில் சொல்வது எளிதல்ல. ஏசி என்ற அந்த எண்ணில் தப்புவதும் தாங்குவதும் ஒன்றாகக் கரைக்கப்பட்டிருக்கின்றன என்று நான் விளக்கினேன். அவர் தலையாட்டினார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுவாரம் அவர் ஓர் அகலமான கொலுசுச் சங்கிலியையும் ஒரு மாம்பழத்தையும் கொண்டுவந்தார். பருவம் அது, பழம் நன்கு கனிந்திருந்தது. சங்கிலியைப் பழத்தின் மேல் போர்த்தி, காய் நறுக்கும் கத்தியை அதன் மேல் வைத்து இழுத்தார். சங்கிலியில் கீறல் விழுந்தது, தோலில் விழவில்லை. அடுத்து கத்தியின் முனையால் குத்தினார். முனை இரண்டு கண்ணிகளுக்கு நடுவே புகுந்து சாறு கசிந்தது. கடைசியாகக் கத்தியைத் திருப்பிப் பிடித்து, கட்டைப் பிடியால் ஓங்கி ஒரு போடு போட்டார். சங்கிலியை எடுத்துப் பார்த்தால் தோல் கிழியவே இல்லை. ஆனால் விரலால் அழுத்திய இடத்தில் உள்ளே சதை கூழாகியிருந்தது. வெட்டு, குத்து, அடி ஆகிய மூன்றுக்கும் ஒரே கவசம் மூன்று விதமாகப் பதில் சொல்கிறது என்பதை ஒரு மாம்பழத்தில் காட்டிவிட்டு, அந்தப் பழத்தையும் அவரே தின்றார்.

அந்த மாம்பழத்தில்தான் எனக்குப் புத்தி தடுமாறியது. உண்மைக்கு நெருக்கமான விதி வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். தேடினால் அந்த ஆசைக்கு ஏறக்குறைய இந்த விளையாட்டின் வயதே ஆகிறது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கவசமில்லாதவனின் ஏசி 9, தகட்டுக் கவசமும் கேடயமும் உடையவனின் ஏசி 2. எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். தலைகீழான இந்த எண்ணைக் கழித்துப் பார்ப்பதிலேயே ஒரு தலைமுறை தடுமாறியது; 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அதை ஏறுவரிசையாக்கினார்கள். விதியின் விளைவு அப்படியேதான் இருந்தது, திசைதான் மாறியது. ஆனாலும் அந்த ஒரு மாற்றத்தால் மேசையில் ஏற்பட்ட வேகம் பெரிது. கழிப்பதைவிடக் கூட்டுவது மனிதனுக்கு எளிது என்று எங்கள் கணக்கு ஆசிரியை இதைக் கேட்டதும் சொன்னார். 1978இல் அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஆட்டக்காரர் கையேட்டில், எந்த ஆயுதம் எந்தக் கவசத்தின் மேல் எவ்வளவு கூடுதலாகவோ குறைவாகவோ எடுபடும் என்று ஓர் அட்டவணையே கொடுத்திருந்தார்கள். பட்டறைக்காரரின் மாம்பழப் பாடம் அதில் இருக்கிறது. அதை மேசையில் முழுமையாகப் பயன்படுத்திய குழுக்களைவிட ஒதுக்கிவைத்த குழுக்களே அதிகம் என்பது பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் சொல்வது.

அதே 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற இன்னோர் ஆட்டம் வேறு வழியில் போனது. அங்கே உடல் ஏழு பகுதிகள்: தலை, மார்பு, வயிறு, இரு கைகள், இரு கால்கள். அடி எங்கே பட்டது என்று தனியாக ஒரு பகடை உருட்ட வேண்டும். அந்தப் பகுதியில் உள்ள கவசத்தின் எண் அடியின் எண்ணிலிருந்து கழிக்கப்படும். 1980களில் ரோல்மாஸ்டர் என்ற ஆட்டம் இருபது வகைக் கவசங்களை வகுத்து, ஆயுதத்துக்கு ஓர் அட்டவணை என்று கொடுத்தது. அதில் ஓர் அழகான நுட்பம் உண்டு: கனமான கவசம் போட்டவனுக்கு அடி அடிக்கடி படும், ஆனால் சிறிதாகப் படும், கவசமில்லாதவனுக்கு அரிதாகப் படும், பட்டால் பெரிதாகப் படும். பட்டறைக்காரரின் முதல் கேள்விக்கு நான் கண்ட மிக நேர்மையான பதில் அதுதான். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் ஓர் அட்டவணையைத் திறக்க வேண்டும்.

எனக்கு ரூன்குவெஸ்ட் வழி பிடித்துப்போனது. இதற்குப் பின்னால் ஒரு சின்னக் காரணமும் உண்டு. முருகன் மேலான கவசப் பாடல் ஒன்று எங்கள் வீட்டில் காலைதோறும் ஒலிக்கும். நெற்றி, கண், செவி, நாசி என்று ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லிக் காக்கச் சொல்கிற பாட்டு. கவசம் என்றாலே உறுப்பு உறுப்பாக எண்ணுவது நமக்குப் பழக்கமானதுதானே என்று நினைத்தேன். ஐந்தாம் பதிப்பின் மேல் ஏழு பகுதிகள், பகுதிக்கொரு கவச எண், பகுதிக்கொரு உயிர் எண் (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு), மூன்று ஆயுத வகை என்று ஒட்டுப்போட்டு, நான்கு பக்கத்தில் அச்செடுத்து மலைக்குக் கொண்டுபோனேன். அதன் பலன்தான் ஆறிப்போன ரசம்.

கதைக் குறிப்பு எழுதுவதற்காக ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வது என் வழக்கம். கீழே இறங்கி வந்த பிறகு, பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து, அந்தச் சண்டையில் ஒரே ஒரு வாள்வீச்சை மட்டும் மறுபடி மறுபடி கேட்டேன். ஆசிரியை பகடையை உருட்டுகிறார்: "பதினேழு." நான் கேட்கிறேன், "திறனோடு சேர்த்தா, சேர்க்காமலா?" சேர்த்து என்கிறார். கொள்ளையன் தடுக்கிறானா என்று நான் உருட்டுகிறேன், தடுக்கவில்லை. எங்கே பட்டது என்று அவர் உருட்டுகிறார். பதினொன்று. பதினொன்று என்றால் எது என்று நான் தாளைத் தேடுகிறேன், வயிறு. எவ்வளவு அடி என்று அவர் உருட்டுகிறார், ஆறு. வயிற்றில் என்ன போட்டிருக்கிறான் என்று நான் வேறொரு தாளைத் தேடுகிறேன். தோல். வெட்டுக்குத் தோல் எவ்வளவு? இரண்டு. ஆறில் இரண்டு போனால் நான்கு. வயிற்றின் உயிர் எண்ணில் நான்கைக் கழி, மொத்த உயிரிலும் நான்கைக் கழி. இவ்வளவுக்கும் ஒரு நிமிடம் நாற்பது விநாடி.

இதில் ஆறிலிருந்து இரண்டைக் கழிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தேன். இரண்டு விநாடிகூட இல்லை. சண்டையை மெதுவாக்குவது கணக்குதான் என்று அதுவரை நம்பியிருந்தேன். கணக்கின் மேல் குற்றமே இல்லை. மேசையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் கேள்விகள்தாம் நேரத்தைத் தின்றன. ஒவ்வொரு கேள்வியும் ஒருவர் நிறுத்தி, இன்னொருவர் தேடி, சொல்லி, முதலாமவர் மறுபடி தொடங்கும் ஒரு கைமாற்றம். அந்த ஒரு வீச்சில் அப்படி ஏழு கைமாற்றங்களை எண்ணினேன். வெறும் ஏசி முறையில் அதே வீச்சுக்கு இரண்டுதான்: "பதினேழு, பட்டதா?" "பட்டது." "ஆறு." "சரி."

இது புரிந்ததும், சிக்கலான விதி வேண்டாம், எளிய கழித்தல் போதும் என்று அடுத்த முயற்சியில் இறங்கினேன். பகுதிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, கவசம் அடியிலிருந்து ஒரு நிலையான எண்ணைக் கழிக்கும் என்று வைத்தேன். சங்கிலிக் கவசத்துக்கு 3. ஒரு வீச்சுக்கு ஆகும் நேரம் உண்மையாகவே குறைந்தது. சண்டை நேரமோ குறையவில்லை, இழுத்துக்கொண்டே போனது. ஏன் என்று ஆசிரியைதான் கரும்பலகைப் பாணியில் எழுதிக் காட்டினார். பழைய முறையில் எங்கள் வீரர் தன் திறன் எண் 4ஐக் கூட்டி, ஏசி 16 உள்ளவனை அடிக்க 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். நூற்றுக்கு 45 வாய்ப்பு. எட்டு முகப் பகடையின் சராசரி அடி நாலரை. ஆக வீச்சுக்குச் சராசரியாக இரண்டு. உயிர் 12 உள்ளவன் ஏறத்தாழ ஆறு வீச்சில் விழுவான். நான் போட்ட புது விதியில் கவசத்தின் வேலை கழித்தலுக்குப் போய்விட்டதால் அவன் ஏசி 12 ஆகிவிட்டது. அடிபடும் வாய்ப்பு 65 ஆக உயர்ந்தது. ஆனால் எட்டு முகப் பகடையில் மூன்றைக் கழித்தால், 1, 2, 3 மூன்றும் பூஜ்யமாகி, சராசரி 1.875க்கு இறங்கிவிடுகிறது. வீச்சுக்குச் சராசரி 1.2, விழ ஏறத்தாழ பத்து வீச்சு. ஒவ்வொரு வீச்சையும் வேகமாக்கிவிட்டு, வீச்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டேன்.

அதைவிட மோசமானது குத்துவாள் பிடித்த என் அக்கா மகனின் நிலை. நான்கு முகப் பகடையில் மூன்றைக் கழித்தால், நான்கு விழும்போது மட்டும் ஓர் எண் மிஞ்சும். வெட்கமும் ஆத்திரமுமாக ஒரு மாலை முழுக்கப் பூஜ்யம் போட்டான். ஏசி முறையில் குறி தவறுவதுகூட ஒரு நிகழ்ச்சி. எதிரி விலகினான், வாள் கேடயத்தில் மோதித் தெறித்தது என்று எதையாவது சொல்லலாம். அடி பட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பதை மூன்று முறைக்கு மேல் சுவையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கழித்தல் முறையை எடுத்துக்கொள்கிற எந்தக் குழுவும், உங்கள் மேசையிலேயே மிகச் சிறிய ஆயுதத்தை வைத்திருப்பவர் யார் என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. விதியின் ஓட்டை அவர் மடியில்தான் விழும்.

கடைசியில் எங்களுக்கு ஒத்துவந்தது, 2014இல் வந்த இன்ட்டூ தி ஆட் என்ற ஆட்டத்தின் வழித்தோன்றலான கெய்ர்ன். 2020இல் வெளியான அதன் விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்தவையாக இருப்பதால், தேவையானதை இரண்டு பக்கத்தில் தமிழாக்கி எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். (ஆர்மர் என்பதற்குச் சங்கப் பாடல்களில் வரும் மெய்ம்மறை என்ற சொல்லைப் போட்டிருந்தேன், ஒரு வாரத்துக்குள் எல்லோரும் பழையபடி 'ஆர்மர்' என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.) இங்கேயும் கழித்தல்தான்; கவசத்தின் உச்சம் 3. ஆனால் குறி தவறுவது என்பதே கிடையாது. அடித்தால் படும். ஆயுதத்தின் பகடையை உருட்டி, கவசத்தைக் கழித்து, மிச்சத்தைச் சொல்ல வேண்டியதுதான். உயிர் எண்ணும் சிறியது. தொடக்கக் கதாபாத்திரத்துக்கு ஓர் ஆறு முகப் பகடையின் அளவுதான். அது தீர்ந்த பின் அடி நேராக உடல் வலிமையைத் தின்னத் தொடங்கும். ஒரு பகடை, ஒரு கழித்தல், ஒரு கைமாற்றம். நான் வீட்டில் சமைத்த கழித்தல் விதி ஏன் தோற்றது என்பதும் அப்போதுதான் விளங்கியது: கழிக்கிற எண் சிறியதா பெரியதா என்பதைத் தனியாகப் பார்க்கக் கூடாது, குறி தவறும் வாய்ப்பு, உயிர் எண், ஆயுதப் பகடை ஆகியவற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு ஆட்டத்தின் கவச விதியை மட்டும் பிய்த்து இன்னொன்றில் ஒட்டினால் இதுதான் நடக்கும்.

பட்டறைக்காரருக்கு மட்டும் ஒரு குறை மிச்சம் இருந்தது. இவ்வளவு மெல்லிய விதியில் உலோகம் எங்கே என்றார். அவருக்காக ஒரே ஒரு விதிவிலக்கைச் சேர்த்தோம்: தண்டாயுதம், சுத்தியல் போன்ற மொக்கை ஆயுதங்களுக்குச் சங்கிலிக் கவசம் ஓர் எண் குறைவாகவே கழிக்கும். மாம்பழத்தை நினைத்துக்கொண்டால் போதும், தாளைப் பார்க்க வேண்டியதில்லை. இப்படி ஒன்று என்றால் தலையில் நிற்கிறது, இரண்டாவது விதிவிலக்கைச் சேர்த்தபோது, எது எதற்கு என்ற கேள்வி மறுபடியும் மேசையைக் குறுக்கே கடக்க ஆரம்பித்தது, எடுத்துவிட்டோம்.

இன்னொரு விதி கேடயத்துக்கு. பழைய பாணியில் ஆடும் குழுக்களிடம் பரவலாக இருக்கும் வழக்கம் இது: பட்ட அடி முழுவதையும் தள்ளிவிட வேண்டுமானால் கேடயத்தை உடையவிடலாம். கணக்கு எதுவும் கிடையாது. கேடயம் போகிறதா, உயிர் போகிறதா என்பதை ஆட்டக்காரர் முடிவு செய்ய வேண்டும், அவ்வளவே. கேடயத்துக்கு அடையாளமாக ஆளுக்கொரு புளியங்கொட்டையை முன்னால் வைத்திருப்போம். அதைத் தூக்கி மேசை நடுவில் போடும் ஓசைக்கு இருக்கும் மதிப்பு, என் நான்கு பக்க அட்டவணை எதற்கும் இருந்ததில்லை.

ஏசி முறையை விட்டு வர மனமில்லாதவர்களுக்கும் நாங்கள் கண்டுகொண்ட சில பழக்கங்கள் உதவும். தாக்கும் பகடையையும் அடியின் பகடையையும் ஒன்றாகவே உருட்டிவிட வேண்டும். எதிரியின் ஏசியை முதல் அடிக்குப் பிறகு வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், ஒளித்து வைப்பதால் கிடைக்கும் மர்மம், "பட்டதா?" என்று நாற்பது முறை கேட்க வைப்பதற்கு ஈடாகாது. பட்டதா இல்லையா என்பதை அடித்தவரே அறிவிக்கும்போது மேசையின் ஓட்டமே வேறு மாதிரி ஆகிறது.

கவசத்தின் நுட்பங்களை நாங்கள் ஒரேயடியாக விட்டுவிடவில்லை. சண்டைக்கு வெளியே கொண்டுபோனோம். ஐந்தாம் பதிப்பிலேயே இதற்கான விதிகள் உண்டு, பலர் கண்டுகொள்வதில்லை. கனமான கவசத்தை அணியப் பத்து நிமிடம், கழற்ற ஐந்து நிமிடம். தகட்டுக் கவசத்துக்கு வலிமை எண் 15 வேண்டும், இல்லாவிட்டால் நடை வேகம் பத்தடி குறையும். பதுங்கிச் செல்வதும் கடினமாகும். அதன் எடை 65 பவுண்டு, நம் கணக்கில் முப்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கெய்ர்னில் ஒருவர் சுமக்கக்கூடிய பொருள்களுக்குப் பத்து இடங்கள். சங்கிலிக் கவசமும் தகட்டுக் கவசமும் அதில் இரண்டிரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்ளும். கவசம் வேண்டுமா, கயிறும் விளக்கும் வேண்டுமா என்ற கேள்வி சண்டைக்கு வெகு முன்பே, மூட்டை கட்டும்போதே எழுந்துவிடுகிறது.

எடை என்பதை உணரட்டும் என்று, தோட்டத்து நண்பர் ஒருமுறை எங்களை ஆளுக்கொரு தடவை இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தைத் தோளில் வைத்து, காப்பிச் செடிகளுக்கு நடுவே சரிவில் ஏறச் சொன்னார். நான் நூறடியில் இறக்கிவிட்டேன். பட்டறைக்காரர் ஏறிவிட்டார், ஆனால் மேலே போய், ஒற்றைத் தோளில் தொங்கும் சிப்பமும் உடம்பு முழுவதும் பரவிய கவசமும் ஒன்றல்ல, நல்ல கொல்லன் செய்த தகட்டுக் கவசத்தில் ஓடவும் முடியும் என்று மூச்சு வாங்கிக்கொண்டே நியாயம் பேசினார். அவர் சொன்னது சரிதான்.

இந்த வருடம் அதே வீட்டில், அதே கொள்ளையர் கூட்டத்தை மறுபடியும் வைத்தேன். ஆறு பேர், நான்கு பேர், புளியங்கொட்டைகள். இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ரசம் சூடாகவே இருந்தது. சாப்பிட்டு வந்த பிறகு, தப்பியோடிய தலைவன் ஏரியில் குதித்து நீந்துகிறான் என்றேன். பட்டறைக்காரரின் வீரன் சங்கிலிக் கவசத்தோடு கரையில் நிற்கிறான். கழற்றினால் தலைவன் தப்பிவிடுவான், கழற்றாமல் குதித்தால் மூழ்குவான், கழற்றிக் கரையில் போட்டால் பின்னால் வருகிறவன் எடுத்துப் போவான். பகடை எதையும் உருட்டாமல் நாங்கள் ஐவரும் இதைப் பற்றியே அரை மணி நேரம் வாதாடினோம். தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்த அக்கா மகன் கடைசியில், "நான் நீந்தறேன் அண்ணா, என்கிட்டதான் ஆர்மரே இல்லையே" என்று சொல்லிவிட்டு, தன் முன்னால் இருந்த ஒற்றைப் புளியங்கொட்டையைப் பட்டறைக்காரர் பக்கம் நகர்த்தி வைத்தான்.